அம்மா தைத்த கோதடி

புனே நகரத்தில் மார்கழிக் குளிர் கடுமையானது. சில இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கூரையிலிருந்தும் குளிர் இறங்கும், தரையிலிருந்தும் ஏறும்.

அந்த நகரத்தில் கட்கிப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பிழைப்பைத் தேடிப் போய், அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். மனைவிக்கு வள்ளி என்று பெயர் வைப்போம். கணவன் பெயர் செல்லத்துரை என்று இருக்கட்டும். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

அவர்களுக்கு ஒரே அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மூலையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கோதடி.

கோதடி என்றால் என்ன? மகாராஷ்டிரத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அது இருக்கும். பழைய பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கையால் வரிவரியாகத் தைப்பார்கள். விரித்தால் அது படுக்கை. எடுத்துப் போர்த்தினால் போர்வை. புதுத் துணியில் தைத்தால் அந்த மென்மை வராது. பல வருஷம் உடுத்தி, துவைத்து, இளைத்துப் போன சேலைதான் உடம்புக்கு இதமாக இருக்கும்.

வள்ளியின் கோதடியைத் தைத்தது அவள் அம்மா. அம்மா புனேயில் சித்தாள் வேலை பார்த்தவள். பக்கத்து வீட்டு மராட்டிக் கிழவியிடம் இந்தத் தையலைக் கற்றுக்கொண்டாள். அந்தக் கிழவியை எல்லாரும் ஆஜி என்பார்கள். மராட்டியில் ஆஜி என்றால் பாட்டி.

வள்ளி கருவுற்றிருந்தபோது அம்மா தைக்க உட்கார்ந்தாள். பகல் முழுதும் செங்கல் சுமப்பாள். இரவில் சமையல் முடிந்த பிறகு ஊசியை எடுப்பாள். இரண்டரை மாதம் ஆயிற்று. மேல்பக்கம் அவளுடைய சிவப்புச் சுங்குடிச் சேலை. நடுவில் வள்ளி பள்ளிக்கூடம் போன காலத்துத் தாவணித் துண்டுகள். சுற்றிலும் கரையாக அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி. உள் அடுக்கில் அம்மாவின் இன்னொரு சேலை இருக்கிறது. அது வெளியே தெரியாது. வள்ளிக்குத் தெரியும்.

பேத்தி பிறந்தாள். அவளை அந்தக் கோதடியில்தான் கிடத்தினார்கள். நாலாவது மாதம் அம்மா காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வள்ளி கோதடியைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்துவாள். மறுபடியும் உள்ளே வைப்பாள். அவ்வளவுதான்.

விருந்தினர் வந்தார்கள்

அரையாண்டு விடுமுறைக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாமியார், செல்லத்துரையின் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். மொத்தம் ஐந்து பேர். பத்து நாள் இருப்பார்கள்.

செல்லத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன்தான் அவனை வளர்த்தவர். முதன்முதல் புனேக்கு வர ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அவன் கறி வாங்கி வந்தான். மீன் வாங்கி வந்தான். போர்வையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

வீட்டில் இருந்தவை மூன்று போர்வைகள். இரவு எட்டு பேர் படுக்க வேண்டும்.

“பெட்டியில கோதடி இருக்குல்ல, அம்மாவுக்கு எடுத்துக் குடு” என்றான் செல்லத்துரை.

வள்ளி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “அது அழுக்கா கெடக்குங்க. துவைக்கணும்” என்றாள்.

அன்று இரவு மாமியார் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்தாள். வள்ளிக்கும் தூக்கமில்லை. கிழவியின் பல் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிவதற்குள் எழுந்து, தன் போர்வையை அவள்மேல் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பிள்ளைகள் விளையாடும்போது பெட்டியைத் திறந்தார்கள். கோதடி வெளியே வந்தது. சலவை மணத்தோடு, மடிப்புக் கலையாமல், பளிச்சென்று இருந்தது.

மாமியார் அதைப் பார்த்தாள். வள்ளியையும் பார்த்தாள்.

“அழுக்குன்னு சொன்னியே தாயி. நாங்க போத்துனாத்தான் அழுக்காகுமோ?”

வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்போம்

வள்ளி செய்தது தப்பா? உங்கள் படிப்பு வட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வராது.

குளிரில் ஒரு கிழவி நடுங்குகிறாள். பெட்டியில் போர்வை இருக்கிறது. எடுத்துக் கொடுக்காமல் இருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விருந்தோம்பல் நமக்குப் பெரிய கடமை. திருக்குறளில் அதற்கென்று ஒன்பதாம் அதிகாரமே இருக்கிறது.

இன்னும் சிலர் வேறு மாதிரி பேசுவார்கள். அம்மாவின் கைவேலை அது ஒன்றுதான் மிச்சம். எட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் அறையில் அது என்ன கதியாகும்? ஒரு பிள்ளை இரவில் நனைத்துவிடும். டீ கொட்டும். அடுப்புப் பொறி விழும். இளைத்த சேலை ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததுதான். கடையில் வாங்கிய போர்வை போனால் இன்னொன்று வாங்கலாம். இதை எந்தக் கடையில் வாங்குவது? இதுவும் நியாயம்தான்.

ஆக, கொடுக்க மனம் வராததைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. வள்ளி சோற்றுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. தன் போர்வையையே மாமியாருக்குப் போட்டுவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கஞ்சத்தனம் உள்ளவள் அதைச் செய்யமாட்டாள்.

சிக்கல் வந்தது “அழுக்கு” என்ற சொல்லால். மாமியாருக்குக் குளிரைவிட அந்தப் பொய் அதிகமாகச் சுட்டது. தன்னை மட்டமாக நினைக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். உண்மைக் காரணம் தெரியாதபோது, மனிதர்கள் தங்களுக்கு மிகவும் வலிக்கிற காரணத்தையே கற்பனை செய்துகொள்வார்கள்.

செல்லத்துரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதை யாரும் பேசமாட்டார்கள்! கோதடி அவனுடையது இல்லை. “எடுத்துக் குடு” என்று எல்லார் முன்னாலும் சொல்லுமுன், “கொடுக்கலாமா?” என்று அவளைத் தனியாகக் கேட்டிருக்கலாம். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த பொருள் அவளுக்கே சொந்தம். அது கணவன் வீட்டுப் பொதுச் சொத்து ஆகிவிடாது. 1985-இல் பிரதிபா ராணி என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நகை, பாத்திரம், துணி எல்லாம் இதில் சேரும். ஒரு கோதடிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் பொருள் யாருடையதோ அவரைக் கேட்பது வீட்டுக்குள்ளும் நல்ல பழக்கம்தான்.

யாருக்காகத் தைத்தது?

பழந்துணியை அடுக்கித் தைக்கிற வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. வடகர்நாடகத்தில் இதைக் கவுதி என்கிறார்கள். அதே மாநிலத்தில் உத்தர கன்னட மாவட்டக் காட்டுப்பகுதியில் சித்திகள் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்திப் பெண்கள் தைப்பது கவந்தி. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைத்துத் தைப்பார்கள். பூ இல்லாவிட்டால் அது அம்மணமாக இருக்கிறது என்பார்கள்.

பீகாரில் இதன் பெயர் சுஜனி. அங்கே பிறந்த குழந்தையைச் சுற்றி வைக்கப் பழந்துணியில் தைத்தார்கள். வங்காளத்தில் காந்தா. நாம் கந்தை என்கிறோமே, அதற்கு உறவான சொல்தான் காந்தா. பெயர் கந்தை; ஆனால் அதில் பூவும் மீனும் யானையும் தேரும் ஊசியாலேயே எழுதியிருப்பார்கள். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள காந்தாக்களில் ஒன்றைத் தைத்தவர் மானதசுந்தரி. அதை அவர் தன் தகப்பனாருக்காகத் தைத்தார். அந்தச் செய்தியையும் துணியிலேயே நூலால் எழுதினார். படிப்பு எட்டாத அந்தக் காலத்தில், ஒரு பெண் தன் பெயரை ஊசியால் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதே வங்காளத்தில் மதிப்புக்குரிய விருந்தினர் வந்தால் விரிப்பதற்கென்றே காந்தா தைப்பார்கள். உட்கார வைக்கத் தனிக் காந்தா உண்டு. வீட்டில் இருப்பதிலேயே நல்லது அவர்களுக்குத்தான்.

இதைக் கேட்டால் வள்ளியின் மாமியார், “பாத்தியா!” என்பாள். ஆனால் கவனியுங்கள். அந்தக் காந்தா தைக்கும்போதே விருந்தினருக்கு என்று தைத்தது. மானதசுந்தரி தைத்தது தகப்பனாருக்கு. வள்ளியின் அம்மா தைத்தது மகளுக்கும், பிறக்கப்போகிற பேத்திக்கும். துணி ஒன்றுதான். யாரை நினைத்து ஊசி ஏறி இறங்கியதோ, அது வேறு வேறு.

பிறகு நடந்தது

வள்ளி அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. விளக்கேற்றிய பிறகு கோதடியை எடுத்துவந்து மாமியார் முன்னால் விரித்தாள்.

“அத்தை, நான் பொய் சொல்லிட்டேன். இது அழுக்கு இல்ல. எங்கம்மா தச்சது. இந்தச் சிவப்பு அம்மா சேலை. இது என் தாவணி. இது அப்பா லுங்கி. அம்மா போனப்புறம் இத நானே போத்திக்கிட்டதில்ல. யார் போத்துனாலும் எனக்கு மனசு தாங்காது. உங்களுக்குன்னு இல்ல.”

மாமியார் சுங்குடியைத் தடவிப் பார்த்தாள். தையலை எண்ணுவதுபோல விரலை ஓட்டினாள்.

“இந்தச் சேலைய நான் பாத்திருக்கேன். உன் நிச்சயதார்த்தத்துக்கு உங்கம்மா இதத்தான் கட்டியிருந்தா.”

கொஞ்ச நேரம் கழித்து, “சரி, உள்ள வை. அதுக்காக நான் குளிர்லயே கெடக்க முடியுமா?” என்றாள்.

அதுவும் சரிதானே! செல்லத்துரை அப்போதே எழுந்து கடைத்தெருவுக்குப் போனான். இரண்டு சோலாப்பூர் போர்வை வாங்கி வந்தான். பக்கத்து வீட்டு ஆஜி விஷயத்தைக் கேட்டு, தன் வீட்டுக் கோதடிகள் இரண்டைக் கொடுத்தாள். ஆஜிக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. அவளிடம் தினப் புழக்கத்துக்கு என்று நாலைந்து இருந்தன. ஆனால் அவள் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. அதை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணி வள்ளியிடம் வந்து உட்கார்ந்தாள். “எனக்கும் அந்தத் தையல சொல்லிக் குடேன்” என்றாள். ஆளுக்கொரு பழைய சேலை எடுத்தார்கள். மாமியாரும் தன் பைக்குள்ளிருந்து ஒரு வெளுத்த சேலையை எடுத்துப் போட்டாள். விருந்தினர் புறப்படும்போது பாதிதான் முடிந்திருந்தது. மீதியை வள்ளி பங்குனியில் தைத்து முடித்தாள். இப்போது யார் வந்தாலும் அதைத்தான் விரிக்கிறாள். பிள்ளைகள் அதன்மேல் டீயைக் கொட்டியாயிற்று. வள்ளி அலட்டிக்கொள்ளவில்லை.

மாமியார் ஊருக்குப் போய், “மருமக முதல் நாள் என்னை விறைக்க வச்சா” என்று நாலு பேரிடம் சொன்னாளாம். சொல்லாமல் இருப்பாளா?

வீட்டுக்கு ஒரு விருந்துக் கோதடி

இதைத் தைக்கப் பெரிய செலவு இல்லை. நைந்த பருத்திச் சேலை மூன்று போதும். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். அவை வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலையின் நீளம் ஏறக்குறைய 18 அடி. அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம் வரும். அகலம் ஏறக்குறைய 4 அடி. ஒரு சேலைக்கு மூன்று அடுக்கு. இரண்டு சேலை என்றால் ஆறு அடுக்கு. ஒரு ஆளுக்கு இது தாராளம். மூன்றாவது சேலையை மேலுக்கும், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடவும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சேலைகளைத் துவைத்து உலர்த்துங்கள். சுத்தமான தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மூலைகளில் கனமான பாத்திரம் வையுங்கள். அடுக்குகள் நகராமல் இருக்க, முதலில் ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாகப் போடுங்கள். பிறகு ஓரத்தை உள்ளே மடித்து, தடித்த பருத்தி நூலால் ஒரு விரல்கடை இடைவெளியில் வரிவரியாகத் தையுங்கள். நெருக்கித் தைத்தால் நாள்பட உழைக்கும். தைக்க நேரமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. புனேயில், பழைய சேலைகளைக் கொடுத்தால் கூலிக்குத் தைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள்.

விருந்தினர் போன பிறகு போர்வைகளைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவையுங்கள். இது யாரையும் மட்டமாக நினைப்பதால் அல்ல. சொறி சிரங்கு ஒருவர் போர்வையிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். சிரங்கு உள்ளவர் போர்த்தியிருந்தால் சுடுநீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு வாரம் தள்ளி வையுங்கள். மனித உடம்பு கிடைக்காவிட்டால் சிரங்குப் பூச்சி சில நாளில் செத்துவிடும்.

பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் கோதடிக்கு வேறு கவனிப்பு. கல்லில் அடிக்கக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, கையால் அமுக்கி அலசினால் போதும். நனைந்தால் கனக்கும், கயிற்றில் தொங்கவிட்டால் தையல் அறும். நிழலில் பாயின்மேல் பரப்பி உலர்த்துங்கள். ஈரம் சிறிதும் இல்லை என்று பார்த்த பிறகே மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் அந்த இடம் நைந்து கிழியும். எடுக்கும்போதெல்லாம் மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை போட்டால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பாருங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும், அது விஷம்.

பேசுவோம்

வள்ளி முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் மாமியார் என்ன சொல்லியிருப்பாள்? இரண்டு பேர் வள்ளியாகவும் மாமியாராகவும் நின்று பேசிக் காட்டுங்கள்.

செல்லத்துரை மனைவியை எப்படிக் கேட்டிருக்கலாம்? வட்டத்தில் உள்ள ஆண்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எழுதுவோம்

உங்களுக்காக ஒருவர் கையால் செய்து கொடுத்த பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? பாய், கூடை, தொட்டில், சட்டை, எதுவானாலும் சரி. அதைச் செய்தவர் பெயரையும், செய்த வருஷத்தையும் எழுதுங்கள். அதை யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள் என்று ஐந்து வரி எழுதுங்கள். துணியாக இருந்தால், மானதசுந்தரி செய்ததுபோல் அந்தப் பெயரை ஒரு மூலையில் நூலால் தைத்து வையுங்கள்.